28 கிலோமீட்டர் என்றார்கள், 20 தான் கிடைக்கிறது: ஹைபிரிட் கார் வாங்கியவர் இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: நான் திண்டுக்கல்லில் குடியிருந்து, மதுரையில் ஒரு கல்லூரியில் பணியாற்றுகிறேன். நான்கு வழிச்சாலையில் தினமும் போக வர 130 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். 14 மாதங்களுக்கு முன் சுமார் 19 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஹைபிரிட் கார் (பெட்ரோல் இன்ஜினுடன் மின்மோட்டாரும் பேட்டரியும் உள்ள கார்) வாங்கினேன். அதே காரின் சாதாரண பெட்ரோல் மாடலைவிட இது மூன்றரை லட்சம் அதிகம். லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் இருந்தது. தினமும் இந்தச் சாலையில் ஓட்டப்போகிறேன் என்று நான் சொன்னதற்கு, “ஹைவேயில் ஏசி போட்டு ஓட்டினாலும் 27-க்குக் குறையாது” என்று ஷோரூம் விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதினார். எனக்குக் கிடைப்பது 20 தான்; காரின் திரை காட்டும் சராசரியைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். பெட்ரோல் மாடல் வைத்திருக்கும் நண்பருக்கே இதே சாலையில் 17 கிடைக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், நான் ஓட்டும் விதம் சரியில்லை என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: விளம்பரத்தில் இருந்த 28 என்ற எண்ணை மட்டும் வைத்துத் தயாரிப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தால் வெல்வது கடினம். ஆனால், விற்பனையாளர் உங்களுக்கு எழுதிய அந்த ஒற்றை வரி வேறு வகையானது. உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, 28 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கார் விளம்பரங்களின் அடியில் மிகச் சிறிய எழுத்தில், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 115-ஆவது விதிப்படி சோதனை முகமை சான்றளித்த அளவு என்று ஒரு வரி இருக்கும். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம்) போன்ற முகமைகள் இந்தச் சோதனையைச் சாலையில் செய்வதில்லை. ஆய்வகத்தில் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, ஏறத்தாழ 20 நிமிடம், வகுத்து வைத்த வேகத்தில் ஓட்டுகிறார்கள். அதில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், சராசரி வேகம் 32 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஏசி அணைக்கப்பட்டிருக்கும். நின்று நின்று போகும் இந்த ஓட்டம் ஹைபிரிட் காருக்கு மிகவும் சாதகமானது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை அது பேட்டரியில் சேமிக்கிறது. நிற்கும்போதும் மெதுவாக நகரும்போதும் இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஓடுகிறது.

நான்கு வழிச்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது பிரேக் பிடிக்கும் தேவையே குறைவு என்பதால், திரும்பச் சேமிக்க ஆற்றலும் இல்லை. காற்றின் எதிர்ப்போ, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும் கணக்கில் கூடிக்கொண்டே போகிறது. அந்தச் சுமை முழுவதையும் பெட்ரோல் இன்ஜின்தான் இழுக்க வேண்டும். ஆகவே, சாதாரண பெட்ரோல் கார் நகரத்தில் குறைவாகவும் நெடுஞ்சாலையில் கூடுதலாகவும் மைலேஜ் தர, ஹைபிரிட் கார் பெரும்பாலும் நகரத்தில்தான் நன்றாகத் தருகிறது. மதுரை நகருக்குள்ளேயே உங்கள் பயணம் முழுவதும் இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதும் நிலை வந்திருக்காது. தினமும் திண்டுக்கல் சாலையில் ஓட்டப்போகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் இந்த உண்மையைச் சொல்லாமல் விற்றதுதான் இங்கே நடந்த தவறு என்று நான் கருதுகிறேன்.

சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(10), ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கம் உங்களுக்கு மிகவும் உதவக்கூடியது. சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்தில் குறைவது மட்டும் குறைபாடு அல்ல. வணிகர் தாம் இருப்பதாகக் கூறிய தரம் பொருளில் இல்லாவிட்டாலும் அது குறைபாடுதான். பிரிவு 2(47), பொருளின் தரத்தைப் பற்றி வாய்மொழியாகவோ எழுத்திலோ மின்னணுப் பதிவாகவோ பொய்யான கூற்றை வெளியிடுவதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. சான்றளிக்கப்பட்ட எண்ணை விளம்பரம் செய்த நிறுவனம், அது சோதனை நிலைமைகளுக்கு உரியது என்று சொல்லித் தப்பிக்க வழி உண்டு. நெடுஞ்சாலை, ஏசி என்று நிலைமைகளைத் தாமே குறிப்பிட்டு 27-க்குக் குறையாது என்று எழுதிக் கொடுத்த ஷோரூமுக்கு அந்த வழி இல்லை.

ஷோரூமின் வாக்குக்காக நிறுவனத்தையும் பொறுப்பாக்க முடியுமா என்றால், அது எளிதல்ல. டாடா மோட்டார்ஸ் தொடர்பான ஒரு வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், டீலரின் தவறு நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் நிறுவனத்தைப் பொறுப்பாக்க இயலாது என்று கூறியது. இருந்தாலும் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். சோதனை விவரங்களும் இன்ஜின் பதிவுகளும் நிறுவனத்திடம்தான் இருக்கும்.

முன்மாதிரிகள் இரு பக்கமும் இருக்கின்றன. திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022-இல், 32 கிலோமீட்டர் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு டீசல் கார், ஆணையம் நியமித்த நிபுணர் ஆணையர் முன்னிலையில் ஓட்டிப் பார்த்தபோது 20-க்கும் குறைவாகவே தந்ததால், உரிமையாளருக்குச் சுமார் 3 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2012-இல், ஹோண்டா சிவிக் ஹைபிரிட் கார் சொன்ன மைலேஜைத் தரவில்லை என்று சிறு வழக்கு நீதிமன்றத்தில் ஏறத்தாழ 9,900 டாலர் வென்ற ஒரு பெண்மணி, அதே ஆண்டு மேல்முறையீட்டில் அதை இழந்தார். அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் அரசு வகுத்த சோதனையில் வந்த எண்ணை எதிர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அது நல்ல சான்று. திருச்சூரில் வழக்கை வென்று கொடுத்தது, முறைப்படி நடந்த அந்த நேரடிச் சோதனை.

எனவே அளவீட்டில் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். காரின் திரை காட்டும் சராசரியைப் படமெடுத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை முழுதாக நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, ஓட்டிய பின் மீண்டும் முழுதாக நிரப்பிக் கணக்கிடுங்கள். குறைந்தது பத்து முறையாவது இப்படிச் செய்து, ரசீதுகளையும் டயர் காற்றழுத்தக் குறிப்பையும் சேர்த்து வையுங்கள். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைக் காரணமாகக் காட்டுவார்கள். அதற்காக வடிவமைத்த வாகனங்களில் குறைவு 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் சொல்லியிருக்கிறது. 27-இல் 6 சதவீதத்தைக் கழித்தாலும் 25-க்கு மேல் வர வேண்டும் என்று பதில் சொல்லலாம்.

இழப்பைக் கணக்கிடும் முறையும் முக்கியம். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர், லிட்டர் 101 ரூபாய் என்று கொள்வோம். சொன்ன 28 கிடைத்திருந்தால் நண்பரின் பெட்ரோல் காரைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 70,000 ரூபாய் மிச்சமாகி, கூடுதலாகக் கொடுத்த மூன்றரை லட்சம் ஐந்து ஆண்டுகளில் திரும்பியிருக்கும். இப்போது மிச்சமாவது 27,000 ரூபாய்க்கும் குறைவு. அந்தப் பணம் திரும்ப 13 ஆண்டுகள் ஆகும். மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்று கேட்பதைவிட இந்தக் கணக்கை மனுவில் வைப்பது ஆணையத்தின் மனத்தில் பதியும். காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் பெறலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்; ஓடும் காருக்கு அந்த நிவாரணம் அரிதாகவே கிடைக்கும்.

முதலில் இருவருக்கும் பதிவுத் தபாலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் திண்டுக்கல் மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம். செலுத்திய தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 முதல் 20 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய். பிரிவு 69-இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். உங்களிடம் மீதம் இருப்பவை பத்து மாதங்கள். மனுவுடனேயே, பிரிவு 38-இன்கீழ் காரை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பவும், நிபுணர் ஆணையரை நியமித்து அதே திண்டுக்கல்–மதுரை சாலையில் ஓட்டிப் பார்க்கவும் கோருங்கள். ஆய்வகக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் அதே கைபேசியில் வைத்திருங்கள். அச்சுப் பிரதியுடன், பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63, மின்னணுப் பதிவுகளுக்குக் கூறும் சான்றிதழையும் இணைத்துவிடுவது நல்லது.

அறிவிப்பு கிடைத்ததும் ஷோரூம் உங்களை அழைத்து, இலவச சர்வீஸோ நீட்டித்த வாரண்டியோ தருவதாகச் சொல்லக்கூடும். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் ஜாப் கார்டிலோ வேறு தாளிலோ, குறை முழுமையாகத் தீர்ந்தது என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்திடாதீர்கள். மைலேஜ் குறித்த புகார் நிலுவையில் உள்ளது என்று உங்கள் கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்திட்டு, அதன் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.