பாலித்தீன் பையில் போடாதீர்கள்: தடய அறிவியல் கேள்வி பதில்

31 வருடம் தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். பெரும்பகுதி ரத்தம், முடி, துணி என்று உயிரியல் பிரிவில்தான். இப்போது ஓய்வு பெற்று மயிலாப்பூரில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள் என்றதும் நகரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன.

போரூரிலிருந்து: மேடம், போன மாதம் எங்கள் வீட்டில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். போலீஸ் வருவதற்குள் மாமியார் வீட்டைப் பெருக்கி, இறைந்து கிடந்த துணியை எல்லாம் மடித்து வைத்துவிட்டார். கைரேகை எடுக்க வந்தவர் ரொம்ப வருத்தப்பட்டார். இனி ஒன்றும் கிடைக்காதா?

மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்நியன் கை பட்ட வீட்டை உடனே சுத்தம் செய்யத்தான் யாருக்கும் தோன்றும். அவர் தொடாத இடங்கள் இருக்குமே. பீரோவின் உள்பக்கம், லாக்கரின் அடிப்பகுதி, ஜன்னல் கம்பி, திருடன் நகர்த்திய கண்ணாடி ஜாடி. விரலில் இருக்கும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் வழவழப்பான பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பொடி தூவினால் ரேகை தெரியும். சொரசொரப்பான சுவரில் அநேகமாகக் கிடைக்காது. பிளாஸ்டிக் பொருளைப் பெட்டிக்குள் வைத்து, நாம் வீட்டில் உடைந்த பொம்மையை ஒட்டுகிற அதே ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவியைக் காட்டினால் ரேகை வெள்ளையாகப் படியும். காகிதத்துக்கு நின்ஹைட்ரின் என்ற ரசாயனம் உண்டு. வியர்வையில் உள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறத்தில் ரேகையைக் காட்டும். திருடன் நகைக்கடை ரசீதுகளைப் புரட்டியிருந்தால் அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ரேகை எப்போது விழுந்தது என்பதை மட்டும் அதை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் வீட்டில் இருக்கும் எல்லோருடைய ரேகையையும், வேலைக்கு வரும் அம்மாவின் ரேகையையும் கேட்பார்கள். சந்தேகப்படுவதாக நினைத்து யாரும் வருத்தப்பட வேண்டாம், வீட்டார் ரேகையைக் கழித்துவிட்டு அந்நிய ரேகையைப் பார்க்கத்தான் கேட்கிறார்கள். கைரேகைப் பிரிவு காவல்துறைக்குள் இருப்பது, தடய அறிவியல் துறை தனி. அதனால் ரேகை விவரத்தை ஆய்வகத்தில் போய்க் கேட்காதீர்கள், உங்கள் ஸ்டேஷனில் கேளுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து, ஒரு ஏட்டு: அம்மா, ரத்தக் கறை படிந்த துணியை பாலித்தீன் பையில் கட்டி அனுப்பக்கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். ஏன் என்று சொல்லவில்லை.

கேட்டதற்கு நன்றி தம்பி. எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான்.

ஈரமான துணியை பாலித்தீனில் கட்டினால் ஈரம் வெளியே போக வழியில்லை. சென்னையின் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும், பாக்டீரியா பெருகும். அவை ரத்தத்தோடு சேர்த்து டிஎன்ஏவையும் தின்றுவிடும். ஒரு நவம்பர் மழையில் என் மேஜைக்கு ஒரு புடவை வந்தது. சுருட்டி, இரட்டைப் பையில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். பிரித்தபோது புடவை முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, வாடை தாங்க முடியவில்லை. கறை இருந்த இடமெல்லாம் வெட்டி எடுத்து மூன்று முறை முயன்றேன். ஒரு முழுமையான டிஎன்ஏ அமைப்பு கூட வரவில்லை. அனுப்பியவர் அக்கறையோடுதான் கட்டியிருந்தார், எதுவும் சிந்திவிடக்கூடாதே என்று. அந்தப் புடவைக்காரப் பெண்ணின் அம்மாவை ஒருநாள் நீதிமன்ற வராந்தாவில் பார்த்தேன். அதற்கப்புறம் எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் இதைச் சொல்லாமல் திரும்பியதில்லை.

ஆகவே, நிழலில், ஃபேன் காற்றில் காய வையுங்கள். வெயிலில் போடாதீர்கள், புற ஊதாக் கதிரும் டிஎன்ஏவைச் சிதைக்கும். கீழே சுத்தமான காகிதம் விரியுங்கள், உதிர்வதும் தடயம்தான். காய்ந்ததும் பழுப்புக் காகித உறையில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் போடுங்கள். இறந்தவர் சட்டையும் சந்தேக நபரின் சட்டையும் ஒரே மேஜையில் காயக்கூடாது. அப்புறம் கைப்பற்றியதை எழுதும் மகஜர், சாட்சிக் கையெழுத்து, சீல். யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்பதில் ஒரு நாள் விட்டுப்போனாலும், ஆய்வகத்தில் நாங்கள் எவ்வளவு சரியாகச் செய்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு நாளைத்தான் பிடிப்பார். பிடிக்கவும் வேண்டும்.

மந்தைவெளியிலிருந்து: சீரியலில் ஒரு நீல விளக்கு அடித்தால் ரத்தம் பளிச்சென்று தெரிகிறதே, உண்மையா?

பாதி உண்மை. லூமினால் என்ற ரசாயனத்தைத் தெளித்தால் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பட்டு இருட்டில் தானாகவே நீலமாக ஒளிரும், விளக்கே வேண்டாம். ஆனால் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரையும், செம்புப் பாத்திரமும் ஒளிரும். இங்கே ரத்தம் இருக்கலாம் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ரத்தம்தானா, மனித ரத்தமா, யாருடையது என்று மூன்று சோதனைகள் அப்புறம் இருக்கின்றன.

அண்ணா நகரிலிருந்து: என் அப்பா திடீரென்று இறந்துவிட்டார். பிரேதப் பரிசோதனையில் காரணம் தெரியவில்லை, உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். நான்கு மாதமாகிறது. என்னதான் செய்வார்கள் மேடம்?

உங்கள் தவிப்பு புரிகிறது. இரைப்பையும் அதில் இருந்ததும், சிறுகுடலில் ஒரு பகுதி, கல்லீரலில் ஒரு பகுதி, இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப் பாதி, இவற்றைத்தான் எடுத்து, பொதுவாகக் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டு வைப்பார்கள். ரத்தம் தனியாக. எதில் போட்டார்களோ அந்தக் கரைசலிலும் கொஞ்சம் தனிக் குப்பியில் வரும். விஷம் உடலில் இருந்ததா, கரைசலில் இருந்ததா என்ற சந்தேகம் பின்னால் எழக்கூடாது. ஆய்வகத்தில் திசுவிலிருந்து ரசாயனங்களைப் பிரித்தெடுத்து, பூச்சிமருந்து, தூக்க மாத்திரை, சாராயம், அரளி, ஒடுவந்தழை போன்ற தாவர நஞ்சு என்று வகைவகையாகப் பார்ப்பார்கள். வரிசையில் காத்திருக்கும் வழக்குகள் நிறைய, தாமதம் அதனால்தான். குற்ற எண்ணோடு ஸ்டேஷனுக்குப் போய், மாதிரி எந்தத் தேதியில் ஆய்வகத்துக்குப் போனது என்று முதலில் கேளுங்கள். சில சமயம் அது கிளம்பியே இருக்காது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அறிக்கையில் 'விஷம் கண்டறியப்படவில்லை' என்று வந்தால், தேடிய நஞ்சுகள் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். பாம்பு விஷம், இன்சுலின் போன்றவை வழக்கமான பரிசோதனையில் சிக்காது. மாரடைப்பா என்பதையும் இது சொல்லாது. அதற்கு இதயத்தை ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியல் பிரிவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பெரம்பூரிலிருந்து: இந்தத் துறை சென்னைக்கு எப்போது வந்தது?

இந்தியாவிலேயே முதலில் இங்கேதான். 1849ல் மதராஸ் மாகாணத்தில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கியது. கல்கத்தாவில் 1853ல்தான் வந்தது. அன்றைக்கு முக்கிய வேலை விஷம் கண்டுபிடிப்பது. 1952ன் ஆளவந்தார் வழக்கை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். எழும்பூரிலிருந்து போன போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி, மானாமதுரையில் திறந்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் உறுதி செய்தார்கள். டிஎன்ஏ என்ற பேச்சே இல்லாத காலம் அது. 1991ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது புகைப்படக்காரரும் இறந்துவிட்டார், அவருடைய கேமரா பிழைத்தது. மாலையோடு நின்ற மனித வெடிகுண்டுப் பெண்ணை உலகத்துக்குக் காட்டியது அதில் இருந்த ஃபிலிம்தான். அந்த ரத்தச் சேற்றில் கேமராவைக் கவனித்து எடுத்து வைத்த கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அடையாறிலிருந்து, சட்ட மாணவி: டிஎன்ஏ பொருந்திவிட்டால் வழக்கு முடிந்ததுதானே?

இல்லைம்மா. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் கொலை, கொள்ளை என்று சுமார் 40 இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. வருடக்கணக்காகத் தேடினார்கள். 2009ல் உண்மை தெரிந்தது. மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் பேக் செய்த பெண்ணின் டிஎன்ஏ அது. டிஎன்ஏ சோதனை தவறவில்லை, குச்சி தவறியது. கைரேகையிலும் நடந்திருக்கிறது. 2004ல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகை அமெரிக்க வக்கீல் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. உறுதியாகச் சொல்லி, இரண்டு வாரம் அவரைப் பிடித்து வைத்தது. ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் காட்டியது.

டிஎன்ஏ அந்த ஆளின் செல் அங்கே இருந்தது என்று சொல்லும். எப்படி வந்தது, எப்போது வந்தது என்று சொல்லாது. அதை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால் இதையும் குறித்துக்கொள். இங்கிலாந்தில் இரண்டு சிறுமிகள் கொலையில் டிஎன்ஏ முதன்முதலாகப் பயன்பட்டபோது, அது முதலில் செய்த வேலை ஒரு 17 வயதுப் பையனை விடுவித்தது. அவன் ஒரு கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டும் இருந்தான். உண்மையான குற்றவாளிக்கு 1988ல் தண்டனை கிடைத்தது. ஒப்புதல் வாக்குமூலத்தைவிட ஒரு துளி தடயத்தை நான் நம்புவது இதனால்தான்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையும் பார். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 176(3)ன்படி, 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும். மாநிலங்கள் தயாராக 5 வருடம் வரை அவகாசம் உண்டு.

வேளச்சேரியிலிருந்து: உண்மை கண்டறியும் ஊசியை எல்லோருக்கும் போட்டுவிட்டால் என்ன?

சம்மதமில்லாமல் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010ல் செல்வி வழக்கில் சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு. மயக்கத்தில் மனிதர் கற்பனையும் பேசுவார்.

ஆவடியிலிருந்து, பிளஸ் டூ மாணவன்: அக்கா, இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?

வேதியியல், இயற்பியல், உயிரியல் எதையாவது ஆழமாகப் படி தம்பி. தமிழ்நாட்டில் இளநிலை அறிவியல் அலுவலர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. மூலம்தான் ஆள் எடுக்கிறார்கள், அறிவிப்பில் தகுதியைப் பார்த்துக்கொள். இப்போதிருந்தே ஒரு பழக்கம் வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் பார்த்ததைப் பார்த்த அன்றே, பார்த்தபடியே நோட்டில் எழுது. விடை சரியாக வரவில்லை என்று எண்ணைத் திருத்தாதே.

ஊர் போட விரும்பாத ஒரு சகோதரி: எனக்குத் தெரிந்த பெண்ணுக்கு ஒரு கொடுமை நடந்துவிட்டது. வந்ததும் குளித்துவிட்டாள். இரண்டு நாள் ஆகிவிட்டது. இனி போய்ப் பயனில்லை என்கிறாள்.

இருக்கிறது, இன்றைக்கே போகச் சொல்லுங்கள். குளித்திருந்தாலும் உடலில் மூன்று நான்கு நாள் வரை தடயம் கிடைக்க வாய்ப்பு உண்டு, துணியில் இன்னும் நீண்ட நாள். அன்று போட்டிருந்த உடையைத் துவைக்கவில்லை என்றால், உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி எடுத்துப் போகட்டும். துவைத்திருந்தாலும் எடுத்துப் போகட்டும். முதலில் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, நேராக மருத்துவமனைக்குப் போகலாம். அரசு, தனியார் எதுவானாலும் இலவசமாக முதல் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரண்டு விரல் பரிசோதனை செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, யாராவது ஆரம்பித்தால் மறுக்கச் சொல்லுங்கள். எந்த நேரத்திலும் 181க்கு அழைக்கலாம். தனியாக அனுப்பாதீர்கள், நீங்கள் கூடப் போங்கள்.