பிறந்த ஊரில் கடற்கரைக் காணி

கேள்வி: நான் யாழ்ப்பாணத்துக் காரைநகரில் பிறந்து, 1991ஆம் ஆண்டு கனடாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடியுரிமை பெற்றவன். கசூரினா கடற்கரைக்கு அருகில் எட்டுப் பரப்புக் காணியொன்று விலைக்கு வருகிறது. என் பெயருக்கு உறுதி (காணிப் பத்திரம்) எழுத முடியாது என்கிறார் தரகர். தன் பெயரில் வாங்கி வைத்துப் பிறகு மாற்றித் தருவதாக ஒன்றுவிட்ட தம்பி சொல்கிறார். அம்மாவின் பெயரிலுள்ள வீட்டு வளவும் எனக்குக் கிடைக்காதா?
– வாசகர், ரொறன்ரோ

பதில்: தரகர் சொன்னது சரி. விரும்பி வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இலங்கைக் குடியுரிமையை இழந்துவிடுகிறார் என்பதால், பிறந்த ஊரிலேயே நீங்கள் சட்டப்படி வெளிநாட்டவர். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு வீடுகளுக்கு விலக்கு உண்டு. காரைநகரில் அது உங்களுக்கு உதவாது. 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு எடுக்கலாம்.

ஆனால் நான் சொல்லக்கூடிய நேரான வழி, முதலில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதே. அது கிடைத்தவருக்கு இத்தடை இல்லை. அதற்குள் காணி வேறொருவர் கைக்குப் போகலாம், போனால் போகட்டும்.

தம்பியின் யோசனை வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். எனினும் உறுதியில் அவர் பெயர் இருக்கும்வரை காணி அவருடையது, அவர் காலமானால் அவருடைய மனைவி பிள்ளைகளுடையது. சட்டத்தைச் சுற்றிப் போவதற்காகச் செய்த வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறுவது வீண் அலைச்சல்.

அம்மாவின் வளவைப் பற்றிக் கவலை வேண்டாம். பெற்றோரின் காணி மரபுரிமையாகவோ நன்கொடையாகவோ பிள்ளைக்கு வருவதற்கு, பிள்ளை வெளிநாட்டவராக இருந்தாலும், அதே சட்டம் இடமளிக்கிறது.

இனிக் கடற்கரைக்கு வருவோம். என்னிடம் சரிபார்க்க வந்த பழைய உறுதியொன்றில் ‘வடக்கு: கடல்’ என்று மட்டுமே எல்லை குறித்திருந்தார்கள், போய்ப் பார்த்தால், வடக்கு வேலியின் கடைசிக் கதியால் அலையடிக்கும் இடத்தில் சாய்ந்து நின்றது. எனவே உறுதியிலுள்ள பரப்பை நம்பிப் பணம் கொடுக்காமல், நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து வரைபடம் எடுங்கள். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் ஆகையால், அதற்குள் வீடு கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். உறுதியில் ‘பிரிபடாத பங்கு’ என்ற சொல் இருந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது பிறருக்கு விற்குமுன் அதை வாங்கும் உரிமை, உண்டு என்பதையும், அவர்களுள் பலர் இன்று ஐரோப்பாவில் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்து, விற்பவர் அவர்களுக்கு முறைப்படி அறிவித்ததற்கான சான்றை நொத்தாரிசு மூலம் கேட்டு வாங்குங்கள்.