வாசகர் கேள்வி பதில்: சுமத்ரா எலியும் ஒரு மங்கு பாலும்

கேள்வி: தாத்தா பெட்டியில இருந்த பாக்கெட் நாவல் எல்லாம் படிச்சு முடிச்சாச்சு. கணேஷ்-வசந்தை வெச்சு நானே புதுசா ஒரு கதை எழுதலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: எழுதுங்கம்மா! நோட்டுல எழுதி வீட்டுல படிச்சுக் காட்டுனா யாரு என்ன சொல்லப்போறா, ஆனா புத்தகமா போட்டு விக்கணும்னா அந்த ஜோடியைப் படைச்ச சுஜாதா சார் குடும்பத்துகிட்ட அனுமதி வாங்கியாகணும். அவர் தவறினது 2008ல, நம்ம மலேசியா சட்டத்துல எழுதுனவர் போனப்புறம் 50 வருஷம், இந்தியாவுல 60 வருஷம் உரிமை நிக்கும். விவேக்-ரூபலா, நரேன்-வைஜயந்தி, பரத்-சுசீலா மாதிரி மத்த துப்பறியுற ஜோடிகளையும் படைச்சவங்களைக் கேக்காம தொடக்கூடாது.

யாரையும் கேக்காம எழுதணும்னா ஷெர்லக் ஹோம்ஸ்-வாட்சன் இருக்காங்க. 2023 ஜனவரி 1ல அமெரிக்காவுலயும் கடைசிக் கதைகளோட உரிமை முடிஞ்சிடுச்சு. அதுலயும் நமக்குன்னே ஒரு கேஸ் காத்துக்கிட்டு இருக்கு தெரியுமா? 1924ல வந்த ஒரு கதையில ஹோம்ஸ் பேச்சுவாக்குல ‘சுமத்ராவோட ராட்சச எலி’ன்னு ஒரு விஷயத்தைத் தொட்டுட்டு, அதைக் கேக்குறதுக்கு உலகம் இன்னும் தயாராகலன்னு விட்டுடுவாரு, ஹோம்ஸைப் படைச்ச கானன் டாயில் கடைசிவரை அந்தக் கதையை எழுதவே இல்ல. வெளிநாட்டுல பல பேரு ஆளுக்கொரு விதமா எழுதிப் பாத்துட்டாங்க, ஆனா சுமத்ரா யாருக்குங்க பக்கம்? மலாக்கா நீரிணைக்கு அந்தாண்ட கரை, நமக்குத்தானே! பினாங்குல கப்பலை விட்டு இறங்கி, பிறையில ரயிலேறி, ரெண்டு பேரும் சுங்கை சிப்புட் ஸ்டேஷன்ல வந்து நிக்கட்டும், அங்கேர்ந்து நீங்க பிடிச்சுக்கோங்க.

கேள்வி: துப்பறியுற கதைன்னா ஏன் எப்பவும் ஜோடி? (படிவம் 5 மாணவன்)

பதில்: பேச்சுக்குத்தான் தம்பி. கணேஷ் யோசிக்கிறதை வசந்த் நோண்டி நோண்டிக் கேக்குறதாலதான் நமக்கு வெளிய தெரியுது. சும்மா தலையாட்டுற ரெண்டாவது ஆளு வேண்டவே வேண்டாம். சுசீலாவை எடுத்துட்டுப் பாருங்க, பரத் கதையில பாதி உயிர் போயிடும்.

கேள்வி: நான் முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுனவ. தோட்டத்துல நடக்குற மாதிரி ஒரு ஜோடி கதை எழுதுனா எடுபடுமா? (ஒரு பாட்டி, பக்கத்துத் தோட்டம்)

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்காக நான் எத்தனை நாளா காத்திருந்தேன்! உங்க கண்ணுல இருக்குற துப்பு பட்டணத்து எழுத்தாளர் யாருக்கும் கிடைக்காது. வெயில் ஏறுனா பால் வத்திடும்னு இருட்டுலயே தலைவிளக்கோட மர நிரைக்குப் போவீங்க இல்ல, ஒரு நாள் ஒரே ஒரு மரத்துல மட்டும் சீவுனது பாதியில நிக்குது, பால் வடியுற மங்குக் கிண்ணத்துல கால்வாசிப் பாலு, அதுவும் உறைஞ்சு கெட்டியா கெடக்குது, அப்ப ஆளு எப்போ கத்தியைப் போட்டுட்டு ஓடுச்சுன்னு கடிகாரமே இல்லாம நீங்க சொல்லிடுவீங்க. வெட்டு ஆழமா மரத்தைக் காயப்படுத்தியிருந்தா அது பழகுன கை இல்ல, வேற யாரோ வந்திருக்காங்க. இதைக் கண்டுபிடிக்கிறது நீங்க, பக்கத்துல நின்னு “எப்டி பாட்டி?”ன்னு கேக்குறது கைப்பேசியும் கையுமா இருக்குற பேத்தி. ஜோடி அமைஞ்சு போச்சு! பெரட்டுல பேர் கூப்பிடுறப்போ ஒருத்தர் குறையுறதுலேர்ந்து ஆரம்பிங்க, கையெழுத்து எப்படியிருந்தாலும் பரவால்ல, முதல் நாலு பக்கத்தை அனுப்புங்க, நானே உக்காந்து படிக்கிறேன்.