ஐவர் பெயரில் ஒருவர் உழைப்பு

கேள்வி: இணையவழியில் முதுகலைப் பட்டம் படிக்கிறேன். ஐந்து பேர் கொண்ட குழுவாகச் சேர்ந்து அறிக்கை எழுத வேண்டும் என்கிறார்கள். இருவர் எட்டிப் பார்ப்பதே இல்லை; கடைசி இரவில் நான்தான் எழுதி முடிக்கிறேன். மதிப்பெண் ஐவருக்கும் ஒன்றே. குழுவாகப் படிப்பதில் உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் உங்கள் குழுவில் நடப்பது கூட்டுக் கற்றல் அன்று, வேலைப் பங்கீடு. அதுவும் சரியாக நடக்காத பங்கீடு.

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து அளந்து பார்த்தார். ஆட்கள் கூடக்கூட, ஒவ்வொருவரும் சராசரியாகச் செலுத்தும் விசை குறைந்துகொண்டே போனதை 1913இல் வெளியிட்டார். எல்லோரும் ஒரே நொடியில் சேர்ந்து இழுக்க முடியாததும் இதற்கு ஒரு காரணம் என்பதால், முழுப் பழியையும் சோம்பலின்மேல் போட முடியாது. பிற்காலத்தில் உளவியலாளர் பிப் லத்தானேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் கைதட்டலையும் கூச்சலையும் கொண்டு சோதித்தபோது, மற்றவர்களும் தன்னுடன் சேர்ந்து கத்துகிறார்கள் என்று நம்பவைக்கப்பட்டவர், உண்மையில் தனியாகக் கத்தியபோதும் குரலைக் குறைத்துக்கொண்டார். தம் குரல் தனியே அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோதோ அந்தத் தளர்ச்சி மறைந்தது. ஆகவே உங்கள் தோழர்களின் குணத்தைவிட, ஐவருக்கும் ஒரே மதிப்பெண் என்ற ஏற்பாட்டையே நான் குறை சொல்வேன்.

இதற்கு மாறான ஓர் ஏற்பாட்டை உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உருவாக்கினார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்காமல் எவருக்கும் பாடம் முழுமையாகக் கிடைக்காது. தேர்வை மட்டும் ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். உங்கள் பேராசிரியரிடம் இதையே கேளுங்கள்: அறிக்கை கூட்டாக இருக்கட்டும், ஆனால் அதிலுள்ள எந்தப் பகுதியைப் பற்றியும் எவரிடமும் கேள்வி கேட்கலாம் என்றாகட்டும். அதோடு, பகிர்ந்து எழுதும் ஆவணங்களில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற வரலாறு பதிவாகிறது. அதை ஆசிரியர் பார்ப்பார் என்று முதல் நாளே அறிவித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். உளவு பார்ப்பதாகச் சிலர் முகம் சுளிக்கலாம். கடைசி இரவில் கண்விழிப்பவர் சுளிக்கமாட்டார்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஒவ்வொரு வாரமும் எழுத்துவழி விவாதம் உண்டு. முதலில் எழுதுபவரின் கருத்தையே எல்லோரும் வழிமொழிகிறார்கள். நேரலைக் காணொலிக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, அங்கே முதலில் பேசுபவரை வழிமொழிவார்கள். வேலைக்குச் செல்பவர்களுக்கும் யோசித்துப் பேசும் இயல்புடையவர்களுக்கும் எழுத்துதான் வசதி. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மேசுர் 1991 முதல் பின்பற்றிய முறையில், ஒவ்வொருவரும் முதலில் தனியாக விடையைத் தேர்ந்து பதிவுசெய்வார். பிறகுதான் அருகில் இருப்பவரோடு வாதிடுவார். அதன்பின் மறுபடியும் விடையளிப்பார். உங்கள் வகுப்பிலும், தன் கருத்தைப் பதிந்த பிறகே பிறர் எழுதியது கண்ணில் படுமாறு அமைக்க முடியும். பல கற்றல் தளங்களில் இதற்கான வசதி இருக்கிறது. ஒரே விடை கொண்ட கேள்வியை விவாதத்துக்குக் கொடுத்தால் மட்டும் எந்த அமைப்பும் உதவாது, அங்கே வழிமொழிவதைத் தவிர மாணவர்களுக்கு வேறு வேலை இல்லை.