நிதி வந்தது, குப்பி வாங்குங்கள்

கேள்வி: எங்கள் விலங்கியல் துறைக்கு ஸ்டார் காலேஜ் திட்ட நிதி கிடைத்துள்ளது. சுற்றுக் கிராமங்களுக்கும் பயன்படும்படி எப்படிச் செலவிடலாம்?

பதில்: மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2008-ல் தொடங்கிய அந்தத் திட்டம் இளநிலை மாணவர்களின் செய்முறைப் பயிற்சிக்கானது. தயவுசெய்து ஒரே பெரிய கருவியில் முடக்கிவிடாதீர்கள். குடிநீர் சோதிக்கும் எச்2எஸ் குப்பிகள் (கிருமிகள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடால் கறுப்பவை) வாங்குங்கள். குறியீடு வரை நீர் நிரப்பி, 30–37 டிகிரி வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். கறுத்தால் மலக்கலப்பு என்று சந்தேகிக்கலாம்.

சறுக்குவது பெரும்பாலும் குளோரின் கலந்த நீரில்தான். குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் சேர்க்காவிட்டால், மிஞ்சிய குளோரின் குப்பிக்குள்ளும் கிருமியைக் கொன்று, கெட்ட நீரையும் நல்லதாகக் காட்டிவிடும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் உடனே கறுக்கலாம். அதற்குக் காரணம் நீரிலேயே உள்ள சல்பைடு. கறுத்த குப்பிகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்த பிறகே கொட்டுங்கள். முடிவை அன்றே ஊராட்சிக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் சொல்லிவிடுங்கள்.