அரங்கேற்றத்துக்கு முன்னும் பின்னும்

அன்புள்ள அக்கா,

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். அரங்கியல் படித்துவிட்டுச் சில வருடங்களாக மூதூர்ப் பக்கக் கிராமங்களில் பெண்களோடு சேர்ந்து நாடகம் செய்து வருகிறேன். நான் எழுதிக்கொண்டுபோய் அவர்களை நடிக்கவைப்பதில்லை. கதை, பாட்டு, முடிவு எல்லாம் அவர்களோடு இருந்து உண்டாக்குவதுதான். கடைசியாகச் செய்தது நுண்கடன் பற்றி. ஒரு தொண்டு நிறுவனத்தின் மூன்று மாதத் திட்டம். ஆற்றுகை முடிந்த கிழமையே அறிக்கையை வாங்கிக்கொண்டு நிறுவனம் போய்விட்டது. பெண்கள் இன்னும் கோல் எடுக்கிறார்கள். "தங்கச்சி, அடுத்தது எப்ப?" என்று கேட்கிறார்கள். ஒருவர் இரவு பத்து மணிக்குமேல் எடுத்து, வீட்டில் நடப்பதைச் சொல்லி அழுதார். அன்று எனக்கு நித்திரையே இல்லை. நான் யாரிடம் சொல்வது?

அடுத்த திட்டத்துக்கு, வளவாளராக (நெறிப்படுத்துபவராக) எனக்குத் தரும் கொடுப்பனவைக் கொஞ்சம் கூட்டித் தரும்படி கேட்டேன். "அந்தப் பெண்களே சும்மாதான் வருகினம், இது ஒரு சேவைதானே" என்றார்கள். நான் கேட்டது பிழையா? என்னைப் போன்றவர்களுக்கு உண்மையில் என்ன ஆதரவு வேண்டும்? பெயர் போடவேண்டாம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிழையில்லை. மற்றதெல்லாம் பிறகு, இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டத்தில் வாகனத்துக்கு எரிபொருள் உண்டு, சாரதிக்குச் சம்பளம் உண்டு, மண்டபத்துக்கு வாடகை உண்டு, பனர் அடிக்கக் காசு உண்டு. மண்டபத்துக்குள் நடக்கும் வேலையைச் செய்கிறவரிடம் மட்டும் தியாகம் கேட்பது அநியாயம்.

பெண்கள் "சும்மா" வருகிறார்கள் என்பதும் சரியல்ல. அரைநாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்குப் பஸ் காசும், பிள்ளை பார்க்க ஓர் ஆளும், விட்ட கூலிக்கு ஈடும் கொடுக்கத்தான் வேண்டும். அதைக் கொடுக்காமல் விட்டதை உங்கள் சம்பளத்தைக் குறைக்கும் காரணமாகக் காட்டினால் இரண்டு தரப்பும் ஏமாற்றப்படுகிறது.

இந்த வேலை எதனால் ஆனது என்பது வெளியில் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. கடலோரக் கிராமமொன்றின் மாதர் சங்கக் கட்டடத்தில் உங்களைப் போன்ற ஒருவர் நாடகம் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு அம்மா தேத்தண்ணி போடும் சாட்டில் வட்டத்துக்குள் வராமலே நின்றார். நெறியாளர் அவரை ஒருநாளும் கூப்பிடவில்லை. அடுத்த முறை வட்டத்தைக் குசினிக் கதவுக்குக் கிட்டவாகப் போட்டார். அதற்கடுத்த முறை இன்னும் கிட்ட. கடன் அறவிட வருகிறவனாக ஒரு பிள்ளை நடித்துக்கொண்டிருந்தபோது, கதவடியில் நின்ற அந்த அம்மா கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, "அவன் அப்பிடிச் சத்தம் போடமாட்டான். மெல்லமாத்தான் கதைப்பான், அதுதான் பயம்" என்றார். பிறகு கொப்பியைக் கையில் வாங்கி அவரே நடந்து காட்டினார். மண்டபம் அப்படியே உறைந்துபோனது. நாடகம் அங்கேதான் பிறந்தது. அந்த இடத்துக்கு வரக் கிழமைக்கணக்கில் ஆனது. எந்த வரவுசெலவுப் பத்திரத்திலும் அதற்கு ஒரு வரி கிடையாது. "செயலமர்வு நாள்" என்று எண்ணித்தான் காசு தருகிறார்கள்.

எங்கள் கிழக்கின் கூத்து மரபு இந்த விஷயத்தில் எவ்வளவோ தெளிவாக இருந்தது. சட்டம் கொடுத்தல் (பாத்திரங்களைப் பிரித்துக் கொடுப்பது), கூத்துப் பழகுதல், கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (கடைசி ஒத்திகை) எல்லாம் கடந்துதான் அரங்கேற்றம். மாதக்கணக்கான வேலை அது. அந்தக் காலம் முழுவதும் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஊரின் பொறுப்பு. அரங்கேற்றத்தோடு களரி கலைந்துவிடுவதுமில்லை. அதன் பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள், வீட்டுக்காரர் தங்களால் முடிந்ததைக் கொடுப்பார்கள். ஆடினவர்கள் பாத்திரத்திலிருந்து ஊர் வாழ்க்கைக்குத் திரும்பிவர அந்தச் சுற்று ஒரு வழியாக இருந்தது என்றே நான் நினைக்கிறேன். முன்னுக்கும் நேரம் இருந்தது, பின்னுக்கும் நேரம் இருந்தது. இன்றைய திட்டங்கள் நடுவில் உள்ள ஒரு நாளுக்கு மட்டும் காசு கொடுக்கின்றன. உங்கள் களைப்பு முழுக்க அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1960களில் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். நாடகங்கள் எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். மட்டக்களப்பு சீலாமுனையில் ஊர்மக்களோடு கூட இருந்து கூத்து மீளுருவாக்கத்தைச் செய்த சி. ஜெயசங்கர் கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர். இவர்களுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாதம் முடியச் சம்பளம் வந்ததால், ஓர் ஊரில் வருடக்கணக்காக நிற்கவும் ஒரு முயற்சி சரிவராவிட்டால் திரும்பத் தொடங்கவும் அவர்களுக்கு முடிந்தது. உங்கள் தலைமுறைக்கு அரங்கியல் பட்டம் இருக்கிறது, அந்தச் சம்பளம் இல்லை. ஒரு திட்டம் முடிந்து அடுத்தது வரும்வரை ரியூசன் கொடுத்துச் சமாளிக்கிறீர்கள். அவர்களைப் போல ஏன் ஊன்றி நிற்கவில்லை என்று உங்களைக் கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன், நீங்கள் செய்வது போன்ற, பார்க்கிறவர்களும் உள்ளே வந்து கதையை மாற்றும் விவாத அரங்கின் மூலவர் அவர் என்பதால். பிரேசிலின் ஒகஸ்தோ போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனீரோ நகரசபை உறுப்பினராக இருந்தார். உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஆட்களை நியமிக்கும் உரிமையை வைத்து, தன்னுடைய அரங்கக்காரர்களையே ஊழியர்களாக நியமித்தார். அவர்கள் குடிசைப் பகுதிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் போய் மக்களோடு நாடகம் செய்தார்கள். அந்த நாடகங்களில் எழுந்த கோரிக்கைகளிலிருந்து 13 சட்டங்கள் நிறைவேறின. அந்தச் சட்டங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆட்டத்தை நடத்தியவர்கள் மாதச் சம்பளக்காரர்களாக இருந்தார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எங்கள் உள்ளூராட்சி சபைகள் அதில் பத்தில் ஒரு பங்கைச் செய்தாலே போதும்: வருடத்துக்கு ஒரு கலைஞருக்கு ஒரு பதவி, ஒரு சின்ன அறை, பொதுமண்டபத்தைக் கட்டணமில்லாமல் பாவிக்கும் அனுமதி.

அடுத்தது காலக்கணக்கு. நிதி பெரும்பாலும் வருட நடுவில் வந்துசேர்கிறது, டிசம்பருக்குள் ஆற்றுகையை முடி என்கிறார்கள். ஒக்டோபரில் மாரி தொடங்கினால் எங்கள் கரையில் என்ன நிலைமை என்று உங்களுக்குத் தெரியும். வயற்காரருக்குப் பெரும்போக விதைப்பு, கடற்காரருக்குத் தொழில் இல்லாத பஞ்சம். டிசம்பர் 26 நெருங்க, 2004 இல் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார் வேறொரு உலகத்தில் இருப்பார்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் நோன்பு மாதம் வருடாவருடம் நகர்ந்து வரும், அதையும் பார்க்கவேண்டும். காலத்தைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கும் அந்தப் பெண்களுக்கும் இல்லையென்றால் "சேர்ந்து உருவாக்குகிறோம்" என்று எழுதுவதில் உண்மையில்லை. முன்மொழிவில் முதல் இரண்டு மாதத்தை ஊரோடு பழகுவதற்கென்றே எழுதுங்கள், நாடகம் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல். கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், அந்த அம்மாவின் கேத்தல் கதையைச் சொல்லுங்கள்.

இப்போது அந்த இரவு அழைப்பு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அதுதான்.

நீங்கள் உளவளத்துணையாளர் அல்ல. ஆனாலும் அந்தப் பெண் உங்களைத்தான் அழைப்பார். வாயைத் திறக்கலாம் என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது நீங்கள். அதற்காக அவருடைய முழுப் பாரத்தையும் நீங்களே தூக்கவேண்டும் என்றில்லை. பெண்களுக்கான 1938, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய இலக்கங்களை முதல் நாளே எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள். பிரதேச செயலகத்தில் இதற்குப் பொறுப்பான உத்தியோகத்தரை ஆற்றுகைக்கு முன்பே சந்தித்து, இப்படி யாராவது வந்தால் அனுப்பலாமா என்று பேசிவையுங்கள். பிரச்சினை வந்த பிறகு கதவைத் தேடுவது கடினம்.

உங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும். உளவளத்துணை செய்கிறவர்களுக்கு மேற்பார்வையாளர் என்று ஒருவர் இருப்பார். தாங்கள் கேட்டவற்றை அவரிடம் போய்ச் சொல்லி, தெளிந்து வருவார்கள். வன்முறையும் இழப்பும் நிறைந்த கதைகளைக் கிழமைக்கு மூன்று நாள் கேட்கும் நாடகக்காரிக்கு ஏன் அப்படி ஒருவர் இல்லை? மாதத்துக்கு ஒருமுறை அனுபவமுள்ள ஒருவரோடு இரண்டு மணித்தியாலம் பேசுவதற்கான காசு திட்டத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். அது அந்தப் பெண்களுக்கான செலவு அல்ல, உங்களுக்கானது. தனி ஆளாகவும் போகாதீர்கள். இரண்டு நெறியாளர் இல்லாத வேலையை ஏற்கவேண்டாம் என்பது என் கருத்து. ஒருவர் ஆட்டத்தை நடத்தும்போது மற்றவர் கண்ணீரோடு வெளியே போனவரின் பின்னால் போகலாம். திரும்பும் பஸ்ஸில் இருவரும் கதைத்துக்கொண்டு வரலாம். அந்தக் கதை எவ்வளவு பெரிய மருந்து என்பது தனியாகப் போய்வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நிதி கொடுப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கத்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: ஐந்து ஊருக்கு ஐந்து ஆற்றுகை என்று பிரித்துக் கொடுக்கும் காசை ஒரு கலைஞருக்கு ஒரே ஊரில் இரண்டு வருடத்துக்குக் கொடுங்கள். படங்கள் குறைவாக வரும், பரவாயில்லை. ஆற்றுகைக்குப் பிந்திய மூன்று மாதத்துக்கும் சம்பளம் வையுங்கள். "அடுத்தது எப்ப?" என்று கேட்கும் பெண்கள், கலைஞர் வந்தாலும் வராவிட்டாலும் தாங்களே கூடி அடுத்ததைச் செய்யத் தொடங்குவது அந்த மாதங்களில்தான். அறிக்கையில் கலைஞரின் பெயரையும், சம்மதித்தால் பெண்களின் பெயர்களையும் போடுங்கள். வீடியோவை எங்கே காட்டுவது என்பதை அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தங்கச்சி, அடுத்த முன்மொழிவை எழுதினால் வரவுசெலவுப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். கிண்ணியா, குச்சவெளி, வெருகல், தம்பலகாமம் பக்கங்களில் இதே வேலை செய்கிறவர்களும் எழுதுங்கள்: ஒரு நாளுக்கு என்ன கொடுப்பனவு கிடைத்தது, சம்பளமில்லாமல் எத்தனை நாள் போய்வந்தீர்கள் என்று. பெயர்களை வெளியிடமாட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, ஒரு குறைந்தபட்சக் கொடுப்பனவைப் பேசி முடிவெடுத்து, அதற்குக் கீழே யாரும் இறங்குவதில்லை என்று ஒத்துக்கொள்வோம். அதற்காகக் கூடும் இடத்தை உங்கள் வசதிப்படி திருகோணமலை நகரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா