சேர்வரில் இடம் தாராளமாக இருந்தும், கோர்த்த சேவைகளுக்கு வளம் ஒதுக்குவது ஏன் இவ்வளவு சிக்கல்?

ஃபயர்வால் (வேண்டாததைத் தடுப்பது), வீடியோ மாற்றி, கேஷ் (அடிக்கடி கேட்பதைப் பக்கத்தில் சேமித்து வைப்பது) என்று துண்டுகளைக் கோர்த்து ஒரு சேவை ஆக்குகிறோம், சேர்வர்களும் காலியாகத்தானே கிடக்கின்றன, பிறகென்ன கஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கஷ்டம் சேர்வரில் இல்லை, நடுவில் இருக்கிற வழியில். நான் திருகோணமலைக்காரன், எனக்கு டவுனுக்கு அக்கரையில் இருக்கிற கிண்ணியாதான் ஞாபகம் வரும். 2009இல் அந்த 396 மீட்டர் பாலம் திறக்கும்வரை ஃபெரிதான். கிண்ணியாவில் அடுப்பு, ஆள், விறகு எல்லாம் இருக்கும். கல்யாணம் டவுனில் என்றால் புரியாணிக் கிடாரம் துறையில் வரிசையில் நிற்கும்.

கம்பஸ் கடைசி வருட ப்ரொஜெக்டில் இதே கூத்தை நானே பண்ணினேன். எந்த சேர்வரில் சிபியு அதிகம் காலியோ அதில் துண்டைப் போடு, அப்புறம் துண்டுகளுக்கிடையில் குறுகிய வழியைத் தேடு என்று எழுதியிருந்தேன். சிமுலேஷனில் சேர்வர்கள் பாதி சும்மா இருக்க, கோரிக்கைகள் வரிசையாக நிராகரிக்கப்பட்டன. லாக்கைத் தோண்டினால், முதல் துண்டு இந்தப் பக்கம், இரண்டாவது அந்தப் பக்கம், மூன்றாவது திரும்ப இந்தப் பக்கம். ஒரே டேட்டா நடுவிலிருந்த ஒரே லிங்கை இரண்டு தடவை கடந்துகொண்டிருந்தது.

இடத்தையும் வழியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். 2009இல் வந்த டி-வைன், ஆர்-வைன் அல்காரிதங்கள் அதைத்தான் செய்கின்றன. டேட்டாவைப் பல வழிகளில் பிரித்து அனுப்ப விட்டால் வழி தேடும் கணக்கு இலேசாகும் என்று அதற்கு முந்தின வருடமே வலையமைப்பு ஆய்வாளர் ஜெனிபர் ரெக்ஸ்ஃபோர்ட் குழு காட்டியிருந்தது. இப்படிக் கோர்த்த சங்கிலி என்றால் எந்தத் துண்டுக்குப் பிறகு எது என்ற ஒழுங்கும் சேர்ந்துகொள்ளும் (ஆர்எஃப்சி 7665 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், 2015). தாமதம் வேறு: ஃபைபரில் கிலோமீட்டருக்கு சுமார் 5 மைக்ரோசெகண்ட், இங்கிருந்து கொழும்புக்குப் போய்வரவே 2 மில்லிசெகண்டுக்கு மேல், சங்கிலி மூன்று தடவை அலைந்தால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இந்தக் கணக்கு என்பி-கடினம், அதாவது எல்லா அளவுக்கும் வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத வகை. மிகச் சரியான விடை சின்ன வலையமைப்புக்குத்தான் கிடைக்கும், பெரிதானால் காலையில் ஓடவிட்டது மாலையிலும் ஓடும். அதனால் எல்லோரும் குத்துமதிப்பான உத்திகளில்தான் இறங்குகிறார்கள். என் அனுபவத்தில் பலித்தது: டேட்டாவைச் சுருக்கும், வடிகட்டும் துண்டுகளை அது புறப்படும் இடத்துக்குப் பக்கத்திலும், பெருக்கும் துண்டைப் பாவனையாளர் பக்கத்திலும் வைப்பது. அடுத்த துண்டை முதலில் அதே சேர்வரில் முயன்று பார்க்கும்படியும் மாற்றினேன், நிராகரிப்பு நன்றாகவே குறைந்தது.

வைவாவில் ஒரு சேர் கேட்டார்: "சரி தம்பி, அந்த ஒரு சேர்வர் செத்தால்?" நான் பேசாமல் நின்றேன்.